பெரிய ஊனுண்ணி டைனோசர்கள் கூட்டமாக வேட்டையாடினவா, தனியாகவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைனோசர் ஆர்வலர்கள் நாலு பேர் சேர்ந்தால் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். படங்களில் பார்த்ததை வைத்து ஒருவர் அடித்துப் பேசுவார், எங்கேயோ ஒரு செய்தியில் படித்ததை வைத்து இன்னொருவர் மறுப்பார். மண்ணுக்குள்ளிருந்து நிஜமாகவே என்னென்ன கிடைத்திருக்கிறது, அதை வைத்து எதுவரை பேசலாம் என்பதைக் கேள்வி பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லுங்கள். கூட்டமா, தனியா?

சில இனங்கள், வாழ்நாளில் சில காலமாவது, ஒன்றாகத் திரிந்தன என்று நம்ப ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. குறிப்பாக டைரனோசார் குடும்பத்தில். ஆனால் அவை வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒன்று விரட்ட இன்னொன்று மடக்க, ஒரே இரையைச் சேர்ந்து வீழ்த்தின என்பதற்கு நேரடி ஆதாரம் இதுவரை ஒன்றுகூட இல்லை.

இந்த விஷயத்தில் வரும் குழப்பம் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒன்றாகச் செத்தது, ஒன்றாக வாழ்ந்தது, ஒன்றாக வேட்டையாடியது ஆகிய மூன்றும் தனித்தனி விஷயங்கள். எலும்புகள் முதலாவதைக் காட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாவதைக் கோடிகாட்டும். மூன்றாவதை நாம் ஊகிக்கத்தான் முடியும், அந்த ஊகத்தைத்தான் செய்தித் தலைப்புகள் கண்டுபிடிப்பு என்று எழுதுகின்றன.

எந்த டைனோசர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள, இரண்டு காலில் நடந்த வேட்டை விலங்குகள். வட அமெரிக்காவின் டைரனோசாரஸ் ரெக்ஸ், அதன் உறவுகளான ஆல்பர்ட்டோசாரஸ், கோர்கோசாரஸ், டெரட்டோஃபோனியஸ், அவற்றுக்கு வெகுகாலம் முன் வாழ்ந்த அல்லோசாரஸ், தென் அமெரிக்காவின் மாப்புசாரஸ். டைனோனிகஸ் இந்தப் பட்டியலில் வராது, மூன்று மீட்டர் சொச்சம் நீளம்தான், எடையும் ஒரு மனிதனுடையதைப் போலத்தான். இருந்தாலும் அதை விட்டுவிட முடியாது, ஏனென்றால் இந்தக் கதையே அதிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

கூட்டமாக வேட்டையாடின என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

1964-இல் ஜான் ஆஸ்ட்ரம் என்ற யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் டைனோனிகஸ் எலும்புகளைக் கண்டெடுத்தார், 1969-இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். ஒவ்வொரு காலிலும் அரிவாள் போல வளைந்த ஒரு நகம், நீட்டி விறைப்பாக்கிய வால், பாய்ந்து தாக்குவதற்கென்றே அமைந்த உடல். டைனோசர் என்றாலே மந்தமான, குளிர்ந்த ரத்தப் பிராணி என்று நினைத்திருந்த காலத்தில் இது பெரிய திருப்பம். மான்டானாவில் ஓரிடத்தில் பல டைனோனிகஸ்களின் எலும்புகள் டெனான்டோசாரஸ் என்ற தாவரஉண்ணியின் மிச்சங்களோடு கலந்து கிடந்தன. முழுதாக வளர்ந்த டெனான்டோசாரஸ் ஒரு டன் எடை வரும். அத்தனை பெரிய விலங்கை ஒற்றை டைனோனிகஸ் எப்படி வீழ்த்தும், ஓநாய்க் கூட்டம் போலச் சேர்ந்துதான் தாக்கியிருக்க வேண்டும் என்று ஆஸ்ட்ரம் வாதிட்டார்.

நல்ல வாதம்தான். ஆனால் 2007-இல் பிரையன் ரோச், டேனியல் பிரிங்க்மன் என்ற இருவர் அதே எலும்புகளை வேறு மாதிரி படித்தார்கள். கொமோடோ உடும்புகளைப் பாருங்கள் என்றார்கள். ஒரு செத்த மானைச் சுற்றிப் பல உடும்புகள் கூடும், கூடியது ஒத்துழைப்பதற்காக இல்லை, வாசனைக்கு வந்தவை, பங்குக்கு அடித்துக்கொள்ளும், சிறியது மாட்டினால் அதையும் தின்றுவிடும். மான்டானாவில் இரையோடு செத்துக் கிடந்த டைனோனிகஸ்கள் அப்படிப்பட்ட சண்டையில் மாண்டவையாகவும் இருக்கலாம்.

2020-இல் இன்னொரு துப்பு வந்தது. டைனோனிகஸ் பற்களில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளை (எடை மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களை) அளந்து பார்த்ததில் குட்டிகளின் பற்களும் பெரியவற்றின் பற்களும் வேறு வேறு உணவைக் காட்டின. ஓநாய் போலக் கூட்டமாக வேட்டையாடும் விலங்குகளில் பெரியவை கொன்ற இரையைத்தான் குட்டிகளும் தின்னும், உணவு ஒரே மாதிரி இருக்கும். முதலைகளில் அப்படி இல்லை, குட்டி தனக்கு எட்டியதைப் பிடித்துத் தின்று தானே வளரும். டைனோனிகஸ் பற்கள் முதலைப் பக்கம்தான் சாய்ந்தன. ஆக, கூட்ட வேட்டைக்கு மூலக் கதையாக இருந்ததே இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. திரையில் பார்க்கும் கூட்டங்கள் மட்டும் இன்னும் அந்தப் பழைய வாதத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெரிய இனங்களுக்கு இருப்பதிலேயே வலுவான ஆதாரம் எது?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ரெட் டீர் ஆற்றங்கரையில் இருக்கும் ஆல்பர்ட்டோசாரஸ் எலும்புப் படுகை. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை.

1910-இல் பார்னம் பிரவுன், டி. ரெக்ஸை உலகுக்குக் காட்டிய அதே மனிதர், அந்த ஆற்றில் ஒரு தட்டைப் படகில் மிதந்துகொண்டே இரு கரைகளிலும் எலும்பு தேடிப் போனார். டிரை ஐலண்ட் என்ற இடத்தில் ஒரே படுகையில் பல ஆல்பர்ட்டோசாரஸ்கள் கிடப்பதைப் பார்த்தார். எல்லாவற்றையும் தோண்ட நேரமில்லாமல், முக்கியமாகக் கால், பாத எலும்புகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அவை அங்கே பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தன. 1990-களில் ஃபிலிப் கரீ என்ற கனடிய ஆய்வாளர் அவற்றை எடுத்துப் பார்த்தபோது ஒன்பது தனித்தனி விலங்குகளாவது இருப்பதைக் கவனித்தார். அப்புறம் பிரவுன் எடுத்த பழைய புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னணியில் தெரியும் மேடு பள்ளங்களை ஒப்பிட்டு, 1997-இல் அந்த இடத்தையே மறுபடி கண்டுபிடித்தார்.

அதன் பிறகு பல ஆண்டுகள் தோண்டினார்கள். 2010-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பில் குறைந்தது 12 விலங்குகள் என்று உறுதியாகச் சொன்னார்கள், உண்மையான எண்ணிக்கை இன்னும் அதிகமாகவும் இருக்கலாம். இரண்டு வயதுக் குட்டியிலிருந்து 28 வயதுக் கிழடு வரை எல்லா வயதும் அதில் உண்டு. தாவரஉண்ணிகளின் எலும்பு அங்கே மிக அரிது. இரையைத் தேடி வந்து சிக்கிக்கொண்டிருந்தால் இரையின் எலும்பு கிடக்க வேண்டுமே? அது இல்லாததுதான் இந்தப் படுகையின் பலம்.

கரீ இதைக் கூட்ட வாழ்க்கைக்கு ஆதாரம் என்று 1998-லேயே எழுதினார். ஆனால் 2010-இல் அவரும் டேவிட் எபெர்த்தும் சேர்ந்து எழுதியதைப் படித்தால் நிதானம் தெரியும். புயலோ வெள்ளமோ அந்த விலங்குகளை ஓரிடத்தில் நெருக்கியிருக்கலாம், அவை எப்போதும் கூட்டமாகத்தான் வாழ்ந்தன என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். தன் பெயரோடு ஒட்டிப்போன கருத்தைத் தானே இப்படி உரசிப் பார்ப்பதற்கு மனசு வேண்டும்.

12 விலங்குகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் அது ஒரே கூட்டம்தானே?

அவசியமில்லை. இயற்கையில் எலும்புகள் ஓரிடத்தில் சேர நிறைய வழிகள் உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள்ளேயே லா பிரியா என்ற தார்க் குழிகள் இருக்கின்றன. பனியுகத்தில் ஒரு யானையோ காட்டெருமையோ தாரில் சிக்கி அலறும், அதைத் தின்ன வந்த ஓநாய் சிக்கும், அதைப் பார்த்து அடுத்தது வரும். இப்படியே பல்லாயிரம் ஆண்டுகள். கடைசியில் அங்கே கிடைத்த பெரிய பாலூட்டிகளில் பெரும்பான்மை வேட்டை விலங்குகள்தான், டயர் ஓநாய் என்ற அழிந்துபோன ஓநாய் மட்டும் ஆயிரக்கணக்கில். அத்தனையும் ஒரே நாளில் ஒன்றாகச் செத்தவை இல்லை.

டைனோசர்களில் இதற்குப் பக்கத்தில் வருவது யூட்டா மாநிலத்தின் கிளீவ்லேண்ட்-லாயிட் சுரங்கம். சுமார் 15 கோடி ஆண்டுப் பழைய அந்த இடத்தில் குறைந்தது 46 அல்லோசாரஸ்கள் இருக்கின்றன, பெரும்பாலும் முழுதாக வளராதவை. அங்குள்ள எலும்புகளில் முக்கால்வாசி ஊனுண்ணிகளுடையவை. சேற்றில் சிக்கின என்று ஒரு தரப்பு, வறட்சியில் வற்றிய குட்டையைச் சுற்றிச் செத்தன என்று இன்னொரு தரப்பு, வேறெங்கோ செத்த உடல்களை வெள்ளம் கொண்டுவந்து குட்டையில் சேர்த்தது என்று மூன்றாவது தரப்பு. எது சரி என்றாலும் 46 அல்லோசாரஸ் கொண்ட ஒரு கூட்டம் அங்கே வாழ்ந்தது என்று யாரும் சொல்வதில்லை.

கோடையில் வற்றிக்கொண்டிருக்கும் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சாதாரண நாளில் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காத பிராணிகள் எல்லாம் கடைசித் தண்ணீருக்கு ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

அப்படியானால் எந்த எலும்புக் குவியலையும் நம்ப முடியாதா?

நம்பலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தனியாக விசாரிக்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் யூட்டாவின் கிராண்ட் ஸ்டேர்கேஸ் பகுதியில் 2014-இல் ஆலன் டைட்டஸ் கண்டுபிடித்த படுகை. நாலைந்து டெரட்டோஃபோனியஸ்கள், அவற்றில் ஒன்று 22 வயது மதிக்கத்தக்க பெரியது, நாலு வயதுக் குட்டிகளும் உண்டு. காலம் சுமார் 7 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

2021-இல் வந்த ஆய்வில் அவர்கள் செய்தது என்னவென்றால், எலும்புகளை எண்ணுவதோடு நிற்காமல் ஒவ்வொரு எலும்புக்குள்ளும் ஊறியிருந்த அருமண் தனிமங்களின் அளவைப் பார்த்தார்கள். எலும்பு புதைந்து கல்லாகும்போது சுற்றியிருக்கும் நிலத்தடி நீரிலிருந்து இந்தத் தனிமங்களை உறிஞ்சும். வேறு வேறு இடத்தில், வேறு வேறு காலத்தில் புதைந்த எலும்புகளுக்கு வேறு வேறு கலவை இருக்கும். இந்தப் படுகையில் எல்லாம் ஒத்துப்போயின. முதலில் ஓர் ஏரி ஓரத்தில் ஒன்றாகச் செத்துப் புதைந்து, பிறகு ஆறு அவற்றைத் தோண்டியெடுத்து மறுபடி புதைத்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஒன்றாகச் செத்தன என்பதற்கு இவ்வளவு கவனமான வேலை டைரனோசார்களில் வேறெங்கும் நடந்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த முறையும் ஒன்றாக வேட்டையாடின என்பதைச் சொல்லாது. அந்த ஆய்வு வந்தபோதே வேறு ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மான்டானாவில் டாஸ்ப்ளெட்டோசாரஸ் என்ற டைரனோசார்கள் மூன்று, தாவரஉண்ணிகளின் எலும்புகளோடு கிடைத்த ஒரு படுகையும் உண்டு. வட அமெரிக்காவில் இப்படி மூன்று வெவ்வேறு டைரனோசார்கள், மூன்று வெவ்வேறு இடங்களில் குழுவாகக் கிடைப்பதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றாகத் திரிந்திருக்கின்றன என்றுதான் நம்புகிறேன்.

ராட்சத தாவரஉண்ணிகளைக் கொல்லக் கூட்டம் தேவைப்பட்டிருக்குமே?

இந்தக் கேள்வி அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோகும். நியூக்கென் மாகாணத்தில் கன்யாடோன் டெல் காத்தோ என்ற இடத்தில் குறைந்தது ஏழு மாப்புசாரஸ்கள், சிறியதும் பெரியதுமாக, ஒரே படுகையில் கிடைத்தன. ரொடோல்ஃபோ கோரியாவும் மேலே சொன்ன அதே ஃபிலிப் கரீயும் 2006-இல் அதை விவரித்தார்கள். அதே பாறை அடுக்குகளில்தான் ஆர்ஜென்டினோசாரஸும் கிடைத்தது, 30 மீட்டருக்கு மேல் நீளம் மதிப்பிடப்படும், பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஓவியர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஏழு மாப்புசாரஸ்கள் ஒரு ராட்சதத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் வேட்டை விலங்குகள் பெரும்பாலும் முழுதாக வளர்ந்த, ஆரோக்கியமான, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரையிடம் போவதே இல்லை. குட்டியை, நோயுற்றதை, கிழத்தைத் தேடும். ராட்சத தாவரஉண்ணிகள் முட்டையிலிருந்து வரும்போது ஒரு வாத்தளவுக்குத்தான் இருந்தன, ஏராளமாகப் பொரித்தன, அவற்றில் மிகச் சிலதான் பெரிதாக வளர்ந்தன. தனியாகத் திரியும் ஒரு மாப்புசாரஸுக்கு அந்தக் குட்டிகளே போதும். இயற்கையாகச் செத்த ஒரு ராட்சதத்தின் உடல் கிடைத்தால் மாதக்கணக்கில் விருந்து. போட்ஸ்வானாவின் சவூட்டியில் சிங்கங்கள் சேர்ந்து யானைகளைக் கொல்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள், அதனால் நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயும் பலியானவை பெரும்பாலும் முழுதாக வளராத யானைகள். தேவைப்பட்டிருக்கும் என்பதிலிருந்து செய்திருக்கும் என்பதற்குத் தாவுவது ஆபத்து.

கால்தடங்கள் என்ன சொல்கின்றன?

கால்தடம் எனக்கு எலும்பைவிடப் பிடிக்கும். எலும்பு செத்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகும், தடம் உயிரோடு இருந்தபோது அந்த இடத்தில் பதிந்தது.

2011-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், டம்ப்ளர் ரிட்ஜ் பக்கத்தில், ஏரன் ஃப்ரெட்லண்ட் என்ற வழிகாட்டி ஒரு தடத்தைப் பார்த்து ஆய்வாளர்களிடம் சொன்னார். மேலே இருந்த மண்ணை நீக்கியபோது மூன்று டைரனோசார்கள் ஒரே திசையில், அருகருகே நடந்துபோன தடங்கள் வெளிவந்தன. காலம் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். மூன்றும் ஒரே மாதிரி ஆழத்தில், ஒரே மாதிரி ஈர மண்ணில் பதிந்திருக்கின்றன, அதாவது அதிக நேர இடைவெளி இருந்திருக்க வாய்ப்பில்லை. அதே தளத்தில் நடந்த மற்ற டைனோசர்கள் வேறு வேறு திசைகளில் போயிருப்பதால், ஆற்றங்கரை மாதிரி ஏதோ ஒன்று எல்லாவற்றையும் ஒரே வழியில் நடக்கவைத்தது என்றும் சொல்ல முடியாது. ஒன்றின் இடது பாதத்தில் ஒரு விரல் துண்டாகிப் போயிருக்கிறது, நொண்டிக்கொண்டு நடந்ததோ என்னவோ. மூன்றும் வளர்ந்த விலங்குகள், வயது இருபதுகளின் பிற்பகுதி என்று மதிப்பிட்டார்கள். 2014-இல் ரிச்சர்ட் மெக்ரியாவின் குழு இதை வெளியிட்டது.

தடங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, ஆளுக்கு இரண்டு மூன்று காலடிதான். அதற்கு மேல் பாறை தொடரவில்லை. இருந்தாலும் மூன்று பெரிய டைரனோசார்கள் ஒரே பொழுதில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. எங்கே போயின, எதற்குப் போயின என்பதைத் தடம் சொல்லாது. தண்ணீர் குடிக்கக்கூடப் போயிருக்கலாம்.

சிறிய உறவுகளில் இன்னொன்று உண்டு. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் டைனோனிகஸ் வகையைச் சேர்ந்த ஆறு விலங்குகள் இணையாக நடந்த தடங்கள். அதாவது, உணவைப் பற்றிய ஆதாரம் ஒரு பக்கம் இழுக்க, தடம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. வெவ்வேறு இனங்கள் வெவ்வேறு மாதிரி வாழ்ந்திருக்கும், அவ்வளவுதான்.

டெக்சாஸில் ஒரு துரத்தல் காட்சியே கல்லில் இருக்கிறதாமே?

பாலக்சி ஆற்றுப் படுகையில் உள்ள தடங்களைச் சொல்கிறீர்கள். 1938-இல் ரோலண்ட் பேர்ட் பார்த்து, 1940-இல் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். ஒரு பெரிய தாவரஉண்ணியின் தடத்தை ஓர் ஊனுண்ணியின் தடம் ஒட்டியே தொடர்கிறது. ஓரிடத்தில் ஊனுண்ணியின் ஓர் அடி காணவில்லை, அங்கே அது இரையைக் கடித்துத் தொங்கியது என்று பேர்ட் நினைத்தார். பின்தொடர்ந்தது உண்மையாக இருக்கலாம், கடித்துத் தொங்கியதைப் பலர் ஏற்பதில்லை, ஒரு தடம் சரியாகப் பதியாமல் போனதாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் கூட்ட வேட்டைக்கு அது சாட்சியாகாது.

கூட்டமாக வேட்டையாட அவற்றுக்கு மூளை போதுமா?

இந்தக் கேள்வி நினைப்பதைவிடக் குறைவாகவே உதவும். மூளைக் குழியின் வார்ப்பைப் பார்த்தால் டி. ரெக்ஸுக்கு மோப்பப் பகுதி பெரிது, கண் கூர்மை, செவியும் நன்று என்று தெரிகிறது. 2023-இல் ஒரு ஆய்வு அதற்குக் குரங்கு அளவுக்கு நரம்பணுக்கள் இருந்திருக்கும் என்றது, 2024-இல் வேறொரு குழு அந்தக் கணக்கே தவறு, முதலை அளவுக்குத்தான் என்று மறுத்தது. சரி, முதலை அளவு என்றே வைத்துக்கொள்வோம். முதலைகள் வரிசையாக நின்று மீன்களை ஆழமில்லாத பக்கம் தள்ளிப் பிடிப்பதைப் பதிவு செய்திருக்கிறார்களே? சேர்ந்து வேலை செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை.

இன்று வாழும் உறவுகளை வைத்துச் சொல்ல முடியாதா?

டைனோசர்களுக்கு மிக நெருங்கியவை பறவைகளும் முதலைகளும். பறவைகள் டைனோசர்களின் வாரிசுகளே. அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் ஹாரிஸ் பருந்துகள் குடும்பமாகச் சேர்ந்து முயலைப் பிடிக்கும், ஒன்று புதருக்குள் போய்க் கலைக்க மற்றவை வெளியே காத்திருக்கும். ஆனால் பருந்து, கழுகு வகைகளில் அது விதிவிலக்கு, பெரும்பாலானவை தனியாகவோ ஜோடியாகவோதான் வேட்டையாடும்.

நம் காடுகளே போதுமான பாடம். முதுமலையில் செந்நாய்கள் கூட்டமாக மானை விரட்டுகின்றன, அதே காட்டில் அதே மானைப் புலி தனியாகப் பதுங்கிப் பிடிக்கிறது. இதைவிடக் கூர்மையான உதாரணம் சிங்கமும் புலியும். தோலை உரித்து எலும்புக்கூட்டை மட்டும் வைத்தால் எது எது என்று பிரித்துச் சொல்ல அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஒன்று கூட்டமாக வாழ்வது, மற்றது தனியாக வாழ்வது. இவை இரண்டும் அழிந்து 7 கோடி ஆண்டுகள் கழித்து யாராவது தோண்டியெடுத்தால், உடலமைப்பை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. டி. ரெக்ஸின் உடலமைப்பைக் காட்டி இது தனி வேட்டைக்கான உடல், இது கூட்ட வேட்டைக்கான உடல் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த இரண்டு பூனைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இளசுகள் விரட்டி, பெரியவை கொன்றன என்று படித்தேனே?

கரீ முன்வைத்த அழகான கருத்து அது. இளம் டைரனோசார்களுக்கு நீண்ட, மெல்லிய கால்கள், வேகமாக ஓடும். வளர்ந்தவை கனமானவை, வேகம் குறைவு, ஆனால் கடி எலும்பை நொறுக்கும். அதனால் இளசுகள் இரையை விரட்டிப் பெரியவற்றின் வாய்க்குள் தள்ளின என்பது அந்தக் கருத்து.

இதற்கு எதிராக ஒரு வயிறு சாட்சி சொல்கிறது! ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஓர் இளம் கோர்கோசாரஸ், ஐந்திலிருந்து ஏழு வயது, எடை 335 கிலோ அளவில். அதன் வயிறு இருந்த இடத்தில் சிட்டிபீஸ் என்ற, பறவை போன்ற சிறு டைனோசர்களின் பின்னங்கால்கள் இருந்தன, இரண்டு குட்டிகளுடையவை, ஒவ்வொன்றும் ஒரு வயதுக்குள். ஒரு ஜோடிக் கால் மற்றதைவிட அதிகம் செரித்திருந்தது, ஆகவே இரண்டு வேளைச் சாப்பாடு. 2023 டிசம்பரில் ஃபிரான்சுவா தெரியானின் குழு வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த வயதில் அது தன் அளவுக்கேற்ற சின்ன இரையைத் தானே பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு மூன்று டன் எடையுள்ள பெரியவை வேறு மேய்ச்சல் விலங்குகளைத் தின்றன. ஒரே இனத்துக்குள்ளேயே வயதுக்கேற்ப தொழில் மாறியிருக்கிறது.

ஒரு விலங்கின் இரண்டு வேளையை வைத்து இனத்தின் முழுக் கதையையும் எழுதிவிடக் கூடாதுதான். ஆனால் குட்டிகள் பெரியவற்றின் வேட்டையில் எப்போதும் கூடவே இருந்தன என்பது இதற்குப் பிறகு கஷ்டம்.

ஒன்றையொன்று கடித்துக்கொண்டனவாமே, அப்புறம் எப்படிக் கூட்டமாக வாழும்?

கடித்துக்கொண்டன, சந்தேகமே இல்லை. டைரனோசார் மண்டையோடுகளில் ஆறிப்போன கடித் தழும்புகள் நிறைய. 2021-இல் கேலப் பிரவுனின் குழு ஏராளமான தாடை, மண்டை எலும்புகளைப் பார்த்தது. குட்டிகளில் தழும்பு இல்லை, வளர்ந்தவற்றில் பாதியளவில் இருக்கிறது. இணைக்காகவோ இடத்துக்காகவோ ஒன்றின் முகத்தை ஒன்று கவ்வியிருக்கின்றன. டி. ரெக்ஸ் எலும்புகளில் டி. ரெக்ஸே தின்ற பல் அடையாளங்களும் உண்டு, மடகாஸ்கரின் மஜுங்காசாரஸும் தன் இனத்தைத் தின்றிருக்கிறது.

இது கூட்ட வாழ்க்கைக்கு எதிரான ஆதாரம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிங்கங்களும் ஓநாய்களும் தங்கள் இனத்தோடு சண்டையிட்டுச் சாகின்றன, ஆனாலும் கூட்டமாகத்தான் வாழ்கின்றன.

டி. ரெக்ஸ் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

உயிருள்ள இரையைத் தாக்கியது உறுதி. எட்மான்டோசாரஸ் என்ற தாவரஉண்ணியின் வால் எலும்பில் டி. ரெக்ஸ் பல் ஒன்று பதிந்து, சுற்றிலும் எலும்பு வளர்ந்து ஆறியிருக்கிறது. கடிபட்ட பிறகும் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் எத்தனை டி. ரெக்ஸ் அதைத் துரத்தின என்று அந்தப் பல் சொல்லாது.

ஆல்பர்ட்டோசாரஸுக்கு இருப்பது போன்ற பெரிய எலும்புப் படுகை டி. ரெக்ஸுக்கு இல்லை. 2021-இல் சார்லஸ் மார்ஷல் குழுவின் மதிப்பீட்டின்படி ஒரே சமயத்தில் சுமார் 20,000 வளர்ந்த டி. ரெக்ஸ்கள்தான் உலகில் இருந்தன, ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. பெரிய பிழை வரம்பு உள்ள கணக்கு என்று அவர்களே சொல்கிறார்கள். இவ்வளவு அடர்த்தி குறைவாக இருந்த விலங்கு வருடம் முழுக்கப் பெரிய கூட்டமாகத் திரிந்தது என்று நினைக்க எனக்குத் தயக்கம். ஜோடியாகவோ மூன்று நாலாகவோ, சில பருவங்களில் சேர்ந்து, மற்ற நேரம் தனியாக என்றுதான் நான் ஊகிக்கிறேன்.

இந்தியாவில் ஏதாவது தடயம் உண்டா?

ஊனுண்ணி டைனோசர்கள் நிறையவே வாழ்ந்தன. ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி சார்லஸ் மேட்லி பல ஊனுண்ணிகளின் எலும்புகளைத் தோண்டினார், 1933-இல் இண்டோசூக்கஸ், இண்டோசாரஸ் என்ற பெயர்கள் அவற்றிலிருந்து வந்தன. நர்மதைப் பகுதியில் கிடைத்த ராஜாசாரஸுக்கு 2003-இல் பெயரிட்டார்கள். ஆனால் எல்லாம் உதிரி எலும்புகளோ அரைகுறை எலும்புக்கூடோதான், கூட்டமா தனியா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் தேட முடியாது. நம் அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸை 1980-களில் முதலில் ராட்சத ஊனுண்ணி என்றே விவரித்தார்கள், பிறகு அது நீண்ட கழுத்துத் தாவரஉண்ணி என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த எலும்புகள் பிற்பாடு சிதைந்தே போய்விட்டன. அரியலூரின் பாறைகளை இன்னும் எவ்வளவோ தேட வேண்டியிருக்கிறது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

எது கிடைத்தால் இந்த விவாதம் முடியும்?

நீளமான தடத் தளம் ஒன்று. ஒரு தாவரஉண்ணியின் தடம், அதன் இரு பக்கமும் சில ஊனுண்ணிகளின் தடங்கள், எல்லாம் ஒரே ஈரத்தில் பதிந்து, இரை திரும்பும் இடத்தில் அவையும் சேர்ந்து திரும்பி, நடையிலிருந்து ஓட்டத்துக்கு அடி நீளம் மாறுவது தெரிய வேண்டும். ஐந்தாறு காலடிகள் போதாது, ஐம்பது அறுபது மீட்டராவது தொடர வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதையே இன்னும் நன்றாகக் கசக்கலாம். டைனோனிகஸ் பற்களுக்குச் செய்த ஐசோடோப்புச் சோதனையை டிரை ஐலண்டின் ஆல்பர்ட்டோசாரஸ்களுக்குச் செய்து பார்க்கலாம், குட்டியிலிருந்து கிழடு வரை எல்லா வயதும் ஒரே படுகையில் இருக்கும் இடம் அது. இரண்டு வயதுக் குட்டியும் 28 வயதுப் பெரியதும் ஒரே இரையைத் தின்றன என்று பற்கள் காட்டினால் கூட்ட வேட்டைக்காரர்களின் கை ஓங்கும். கோர்கோசாரஸ் வயிறு காட்டியது போல வேறு வேறு என்று வந்தால், ஒன்றாக நடந்தவை தனித்தனியாகச் சாப்பிட்டன என்று எழுத வேண்டியிருக்கும்.